தெனெரீபேத் துறையில் நெல்சன் அடைந்த தோல்வி

1774ஆம் ஆண்டில் 'சீஹோர்ஸ்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்று சென்னைத் துறையை வந்தடைந்தது. கடற்குதிரை என்பது அப்பெயரின் பொருள். அக்கப்பலிற் கடற்றொழில் பயின்ற சிறுவருள் இருவர் பிற்காலத்தில் ஆங்கிலக் கடற்படையின் முன்னணிக்கு வந்தனர். ஒருவன் நோர்போக்குச் சிற்றூர்ப் பாதிரியார் ஒருவரின் மகன். ஹொரேஷியோ நெல்சன் என்பது அவன் பெயர். மற்றவன் தோமஸ் துரூபிரிட்ஜ். கீழைக் கடல்களிற் கழிந்த அந்நாட்களிலே இருவரும் நண்பராயினர். காய்ச்சலால் மிக நலிந்த நெல்சன் 1776ஆம் ஆண்டில் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டான்.

இருபத்தொரு ஆண்டுகள் கழிந்தபின், 1797ஆம் ஆண்டு யூலை மாதத்து இரவு ஒன்றில், இந்நண்பர் இருவரும் ஒரே கரையை நோக்கி வெவ்வேறு படகுகளிற் சென்றனர். விடியுமுன் ஒருவர் வலக்கையை இழந்தார். மற்றவர் முந்நூற்று நாற்பது பேரோடு பகைவர் நகரின் நடுவே வழியடைபட்டு நின்றார். இலண்டன் மாநகரில் உயர்ந்த தூணின்மேல் நிற்கும் நெல்சனின் சிலையைப் படத்திலேனும் கண்டோர், அதன் வலப்புறச் சட்டைக்கை வெறுமையாய் மடிக்கப்பட்டிருத்தலைக் கவனித்திருப்பர். அக்கை ஆங்கிலேயர் பெருமையோடு பேசும் வெற்றி எதிலும் இழக்கப்பட்டதன்று. சாந்தா குரூஸ் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தைக் கைப்பற்றச் சென்று, தோற்றுத் திரும்பிய முயற்சி ஒன்றில் இழக்கப்பட்டது. அத்தோல்வியின் வரலாறு வெற்றிகள் பலவற்றின் வரலாற்றைவிடப் படிப்பினை மிக்கது.

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் மாகடலில், கனேரித் தீவுகள் என்னும் தீவுக்கூட்டம் உளது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் அது ஸ்பானியர் ஆட்சிக்கு உட்பட்டது. அத்தீவுகளுட் பெரியது தெனெரீபே. அதன் நடுவே 3,700 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து நிற்பது தெய்தே என்னும் எரிமலை. தீவின் வடகிழக்குப் புறத்திற் செங்குத்தான மலைகளின் அடியில் அமைந்தது சாந்தா குரூஸ். அமெரிக்காவிலிருந்தும் பிலிப்பைன் தீவுகளிலிருந்தும் செல்வம் சுமந்து வரும் ஸ்பானியக் கப்பல்கள் தாய்நாட்டை அடையுமுன் தங்கிச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆதலால் ஸ்பானியாவோடு பகைகொண்ட கடற்படைகளின் கண் அடிக்கடி அதன்மேல் விழுந்தது.

அவ்வாறு விழுந்த கண்களுள் முதன்மையானது ரொபேட் பிளேக் என்னும் ஆங்கிலத் தளபதியின் கண். அவர் 1657ஆம் ஆண்டில் அத்துறையினுட் புகுந்து, அங்கு நங்கூரமிட்டிருந்த ஸ்பானியக் கப்பற்கூட்டத்தை அழித்துத் திரும்பினார். ஆயினும் அக்கப்பல்களின் வெள்ளி அதற்கு முன்னரே கரையில் இறக்கப்பட்டுவிட்டமையின் அது அவர் கைக்கு எட்டவில்லை, பட்டினமும் வீழவில்லை. ஆங்கிலேயர் அதனைத் தம் வெற்றியென்றனர். சாந்தா குரூஸ் மக்கள் தம் வெற்றியென்றனர். 1706ஆம் ஆண்டிலே ஜோன் ஜெனிங்ஸ் என்னும் மற்றோர் ஆங்கிலத் தளபதி வந்து, யாதும் பெறாமலே திரும்பினார்.

இனி, 1797ஆம் ஆண்டின் நிலைமையை நோக்குவோம். அதற்கு முந்திய ஆண்டிலே ஸ்பானியா பிரான்சுடன் நட்புடன்படிக்கை செய்து, ஒக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தது. 1797 பெப்ரவரி 14ஆம் நாள் சென் வின்சென்ற் முனைக்கு அருகில் ஜேர்விஸ் என்னும் ஆங்கிலத் தளபதி ஸ்பானியக் கடற்படையை முறியடித்தார். அப்போரிற் கட்டளையை எதிர்பாராமல் தம் கப்பலை வரிசையினின்றும் திருப்பி, இரு பகைக் கப்பல்களைக் கைப்பற்றியவர் நெல்சன். அவருக்கு வீரப்பட்டம் கிடைத்தது. துணைத் தளபதி நிலைக்கும் உயர்த்தப்பட்டார். முப்பத்தெட்டு வயதிலே புகழின் வாயிலில் நின்ற அவருக்குத் தம்மால் இயலாதது ஒன்றுண்டு என்னும் எண்ணம் தோன்றாதிருந்தது வியப்பன்று.

ஏப்பிரில் மாதத்திலேயே நெல்சன் தெனெரீபேயைத் தாக்கும் திட்டத்தைத் தம் தலைவருக்கு எழுதினார். பிளேக் செய்ததை அதில் நினைவுகூர்ந்தார். தம்மைப் பிளேக்குக்கு ஒப்பாகக் கருதவில்லை என்றும் பணிவோடு குறித்தார். அத்துடன், பிளேக் தப்பி வந்தமைக்குக் காற்று தக்க நேரத்தில் மாறியதே காரணம் என்பதையும், மலைகளினின்று இறங்கும் காற்று அத்துறையை அணுகுதற்குத் தடையாகும் என்பதையும் அவர் நன்கறிந்திருந்தார். எனவே கப்பல்களோடு தரைப்படையும் வேண்டும் என்பதே அவர் முதற் கருத்து. எல்பாத் தீவினின்று திரும்பிய தரைப்படையினரை அவர் எதிர்பார்த்தார். தரைப்படைத் தலைவர்கள் இணங்கவில்லை. மூலத்திட்டத்தின் முதற்றூண் அங்கேயே சரிந்தது, திட்டமோ கைவிடப்படவில்லை.

கைவிடப்படாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஏப்பிரிலில் ஆங்கிலப் படகுகள் இரவோடிரவாகச் சாந்தா குரூஸ் துறையினுட் புகுந்து, பிலிப்பைன் வணிகக் கழகத்தின் கப்பலொன்றைக் கவர்ந்து சென்றன. மே மாத இறுதியில், பட்டப்பகலிலே, தோமஸ் ஹார்டி என்னும் இளம் அதிகாரி 'மியூற்றீன்' என்னும் பிரெஞ்சுக் கப்பலை அதே துறையிலிருந்து வெட்டியெடுத்துச் சென்றார். இந்நிகழ்ச்சிகள் ஆங்கிலேயருக்கு ஒரு பாடமும் பட்டினத்தாருக்கு வேறொரு பாடமும் புகட்டின. இப்பட்டினம் எளிதில் வசப்படும் என்று ஆங்கிலேயர் கற்றனர். பகைவர் மீண்டும் வருவர் என்று பட்டினத்தார் கற்றனர். கப்பலை இழந்து கரையில் எஞ்சிய பிரெஞ்சு மாலுமிகள் ஏறத்தாழ நூறு பேரும் பட்டினத்தின் காவலிற் சேர்ந்துகொண்டனர். ஒருவருடைய எளிய வெற்றி மற்றவருடைய விழிப்புக்கு விதையாயிற்று.

அவ்விழிப்பைப் படையாக ஒழுங்குபடுத்தியவர் அந்தோனியோ குத்தியெரெஸ் என்னும் முதிய தளபதி. 1791ஆம் ஆண்டு முதல் கனேரித் தீவுகளின் படைத்தலைவராய் இருந்த அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. அவரிடம் இருந்த படை ஏறக்குறைய 1,700 பேர். அவருள் முறையான பயிற்சி பெற்ற போர்வீரர் சில நூற்றுவரே. ஏனையோர் தீவின் ஊர்களிலிருந்து அழைக்கப்பட்ட உழவரும் தொழிலாளருமான ஊர்ப்படையினர். துவக்குக் கிடையாத சிலர் வயலில் வழங்கும் அரிவாள் போன்ற கருவிகளை நீண்ட பிடியிற் கோத்து ஏந்தினர் என்பர். ஆயின் கரை நெடுகக் கோட்டைகளும் பீரங்கி மேடைகளும் இருந்தன. பட்டினத்தின் நடுவே, கல்லாற் கட்டிய இறங்குதுறைக்கு அருகில், சான் கிறிஸ்தோபல் கோட்டை நின்றது. வடகிழக்கில், மலையடிவாரத்தில், பாசோ அல்தோ என்னும் கோட்டை காவல் புரிந்தது.

யூலை மாத நடுப்பகுதியில் நெல்சன் கடிஸ் துறைக்கு அப்பாலிருந்து புறப்பட்டார். அவருடைய கொடிக்கப்பலாகிய 'தீசியஸ்', துரூபிரிட்ஜின் 'கல்லோடென்', சாமுவேல் ஹூட்டின் 'செலஸ்' ஆகிய மூன்றும் 74 பீரங்கிகள் தாங்கும் பெருங்கப்பல்கள். அவற்றோடு 'சீஹோர்ஸ்', 'எமெரல்ட்', 'தேர்ப்சிக்கோரி' என்னும் விரைவுக் கப்பல்கள் மூன்றும் 'பொக்ஸ்' என்னும் சிறுகப்பலும் சென்றன. 'லியாண்டர்' என்னும் கப்பல் பின்னர் வந்து சேர்ந்தது. இந்தச் 'சீஹோர்ஸ்' நெல்சன் சிறுவனாய்ப் பயின்ற கப்பலன்று. அதே பெயர் பூண்ட புதிய கப்பல். அதன் தலைவர் தோமஸ் பிரீமாந்தில் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் மணமுடித்தவர். அவர் மனைவியும் அக்கப்பலிலேயே உடன் சென்றார்.

மணிலாவிலிருந்து வந்த செல்வக் கப்பலொன்று துறையில் நிற்கிறதென்னும் செய்தியே இப்படையெடுப்பின் தூண்டுகோல். கப்பலையும் அதன் சரக்கையும் ஒப்படைத்தால் ஊரவர் உடைமைக்கும் சமயத்துக்கும் தீங்கு நேராது. மறுத்தால் பட்டினம் அழியும் என்று எச்சரிக்கும் கடிதத்தையும் நெல்சன் முன்கூட்டியே எழுதி வைத்தார். கடிதத்தைக் கொடுக்கும் நிலையை அடைதலே எஞ்சியிருந்தது.

முதல் முயற்சி யூலை 22ஆம் நாள் விடியலில் நிகழ்ந்தது. விரைவுக் கப்பல்கள் இருளிற் கரையை அணுகி, ஏறக்குறைய ஆயிரம் பேரைப் படகுகளில் இறக்க வேண்டும், அவர்கள் விடியுமுன் பட்டினத்துக்கு வடகிழக்கே கரையேறிப் பாசோ அல்தோக் கோட்டையைப் பின்புறமாகப் பிடிக்க வேண்டும், இதுவே திட்டம். ஆனால் காற்று எதிராய் வீசியது; நீரோட்டம் படகுகளைப் பின்னுக்கு இழுத்தது. கிழக்கு வெளுத்தபோது கரை இன்னும் ஒரு மைல் தொலைவில் இருந்தது. காய்கறி விற்கப் பட்டினத்துக்கு வந்த குடியானவப் பெண்ணொருத்தி படகுகளைக் கண்டு காவலரை எழுப்பினாள் என்பது அவ்வூரார் வழிவழியாகக் கூறும் செய்தி. எவ்வாறாயினும், மணிகள் ஒலித்தன, பீரங்கிகள் முழங்கின. படகுகள் திரும்பின.

இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. இத்தகைய திடீர்த் தாக்குதலின் முழு வலிமையும் எதிர்பாராமையில் உளது. அஃது அழிந்தபின், எஞ்சியிருப்பது பீரங்கிகளுக்கு எதிரே படகிற் செல்லும் மனிதர் மட்டுமே. ஆங்கிலத் தலைவர்கள் அதனை அறியாதவரல்லர். எனினும் துரூபிரிட்ஜ் முதலியோர், கோட்டைக்கு மேலுள்ள மலையைப் பிடித்தால் இன்னும் வெல்லலாம் என்று நெல்சனிடம் கூறினர். அன்று முற்பகலில் அவர்கள் கரையிறங்கிக் கொளுத்தும் வெயிலில் மலை ஏறினர். ஏறிய பின்னரே, தம் மலைக்கும் கோட்டைக்கு மேலுள்ள மலைக்கும் இடையில் ஆழமான பள்ளத்தாக்கொன்று கிடத்தலைக் கண்டனர். அப்புறத்து உச்சியை ஸ்பானியர் முன்னரே பிடித்திருந்தனர். அவர்களுக்கு அவ்வூர்ப் பெண்கள் தலைச்சுமையாக நீரும் உணவும் கொண்டு சென்றனர். ஆங்கிலேயருக்கு நீர் கொடுப்பார் இல்லை. தாகத்தாலும் களைப்பாலும் வாடிய அவர்கள் அன்றிரவே கப்பலுக்கு மீண்டனர்.

அறிவுடையோன் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நெல்சன் நிறுத்தவில்லை. இரண்டாம் தாக்குதல் நம்பிக்கைக்கு இடமற்றது என்று தமக்குத் தோன்றியதாயினும், தம் மானமும் நாட்டின் மதிப்பும் அதனை வேண்டின என்னும் கருத்துப்படப் பின்னர் அவரே நண்பர் ஒருவருக்கு எழுதினார். பட்டினத்தில் எல்லோரும் அஞ்சி நடுங்குகின்றனர் என்று ஜேர்மனியர் ஒருவர் கூறிய செய்தியும் கப்பல்களை எட்டியது. கேட்க விரும்பும் செய்தியை எளிதில் நம்புதல் மனித இயல்பு. இம்முறை நெல்சன் தாமே படைக்குத் தலைமை தாங்கத் துணிந்தார்.

24ஆம் நாள் மாலை தலைவர்கள் 'சீஹோர்ஸ்' கப்பலில் ஒன்றாக உண்டனர். அன்று தம் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், நாளை தம் தலை வெற்றி மாலையையோ கல்லறை மாலையையோ சூடும் என்னும் கருத்தை நெல்சன் குறித்தார். மனைவியின் கடிதங்களை எரித்தார். அவருடைய மனைவி முதற் கணவர்க்குப் பெற்ற மகன் யோசையா நிஸ்பெற் 'தீசியஸ்' கப்பலிலே இளநிலை அதிகாரி. இருவரும் இறந்தால் தாய்க்கு யார் துணை என்று கூறி, அவனைக் கப்பலில் நிற்குமாறு நெல்சன் பணித்தார். அவன் கேளாமல் உடன் சென்றான். அக்கீழ்ப்படியாமையே சில மணி நேரத்தின்பின் நெல்சனின் உயிரைக் காத்தது.

கப்பல்கள் வடகிழக்கே நங்கூரமிட்டு, பாசோ அல்தோவையே மீண்டும் தாக்கப் போவதுபோற் காட்டின. உண்மையான இலக்கு பட்டினத்தின் நடுவிலுள்ள இறங்குதுறை. இரவு பதினொரு மணியளவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் புறப்பட்டனர். எழுநூறு பேர் படகுகளிலும், நூற்றெண்பது பேர் 'பொக்ஸ்' சிறுகப்பலிலும், ஏனையோர் கைப்பற்றப்பட்ட வேறொரு தோணியிலும் சென்றனர். கடல் கொந்தளித்தது. துடுப்புகளின் ஓசை கேளாதிருக்கத் துணி சுற்றப்பட்டிருந்தது. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் இறங்குதுறையை நெருங்கியபோது கரை முழுதும் தீப்பிழம்பாயிற்று.

'பொக்ஸ்' நீர்மட்டத்திற் குண்டு பட்டு மூழ்கியது. அதன் தலைவரோடு தொண்ணூற்றேழு பேர் கடலில் மாண்டனர். படகுகள் பல, இருளிலும் அலையிலும் இறங்குதுறையைக் காணாது தெற்கே அடித்துச் செல்லப்பட்டன. நெல்சனும் பிரீமாந்திலும் போவெனும் வேறு சிலரும் மட்டுமே குறித்த இடத்தை அடைந்தனர். இறங்குதுறையின் முனையில் இருந்த பீரங்கிகளை அவர்கள் பிடித்துச் செயலிழக்கவும் செய்தனர். ஆனால் கோட்டையினின்றும் வீடுகளினின்றும் பொழிந்த குண்டுமழையில் ஓரடியும் முன்னேற இயலவில்லை. பிரான்சிஸ்கோ கிராண்டி என்னும் பீரங்கிப்படை அதிகாரி, இறங்குதுறைக்கு அருகிலுள்ள மணற்கரையை நோக்கிப் பீரங்கி வைக்கும் வாயிலொன்றைக் கோட்டைச் சுவரில் முன்னரே திறப்பித்திருந்தார். முன்பு காவலற்றுக் கிடந்த அந்த இடைவெளி அன்றிரவு கொலைக்களமாயிற்று. ரிச்சர்ட் போவென் இறந்தார்; பிரீமாந்தில் கையிற் காயமுற்றார்.

நெல்சன் வாளை உருவிக்கொண்டு படகினின்று கரையிற் கால் வைக்கும் நேரம். குண்டொன்று அவர் வலமுழங்கைக்கு மேலே பாய்ந்து எலும்பை நொறுக்கியது. வாள் நழுவியது. அது அவர் மாமன் வைத்திருந்த வாள். அதனை இடக்கையாற் பற்றியவாறே படகினுள் விழுந்தார். யோசையா தன் கழுத்துப் பட்டுத்துணியை அவிழ்த்துக் கையை இறுகக் கட்டிக் குருதிப் பெருக்கை நிறுத்தினான்; எஞ்சிய சிலரைத் திரட்டிப் படகைத் திருப்பினான். அருகில் நின்ற கப்பல் 'சீஹோர்ஸ்'. நெல்சன் அதில் ஏற மறுத்தார். கணவனைப் பற்றிய செய்தி எதுவும் கூற இயலாத நிலையில், பிரீமாந்திலின் மனைவி தம்மை அக்கோலத்திற் கண்டு அஞ்சக்கூடாது என்பதே காரணம். படகு 'தீசியஸ்' கப்பலை நாடிச் சென்றது. அங்கே பிறர் துணையை மறுத்து, ஒற்றைக் கையாற் கயிற்றைப் பற்றி ஏறினார். தோமஸ் எஷெல்பி என்னும் கப்பல் வைத்தியர் வலக்கையை வெட்டி நீக்கினார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அரைமணி நேரத்தினுள் நெல்சன் மீண்டும் கட்டளைகள் பிறப்பித்துக்கொண்டிருந்தார்.

அதே வேளையில் துரூபிரிட்ஜின் நிலை யாது? அவரும் ஹூட்டும் வேறு இரு தலைவர்களும் இறங்குதுறைக்குத் தெற்கே கரையேறினர். அலை படகுகளைப் பாறையில் மோதி உடைத்தது. வெடிமருந்து நனைந்தது, கோட்டைச் சுவரில் ஏறுதற்குக் கொண்டுவந்த ஏணிகள் கடலோடு போயின. நெல்சன் வருவார் என்று பட்டினத்தின் சதுக்கத்திற் காத்திருந்தனர். அவர் வரவில்லை. இறுதியிற் சந்தோ தொமிங்கோ மடத்தினுட் புகுந்துகொண்டனர். விடியலில் எண்ணியபோது முந்நூற்று நாற்பது பேரே இருந்தனர். தெருக்கள் யாவும் அடைபட்டிருந்தன. தம்மைச் சூழ்ந்தோர் பல்லாயிரவர் என்று துரூபிரிட்ஜ் கருதினார். உண்மைத் தொகை அதில் ஒரு சிறு பகுதியே.

திரும்புதற்குப் படகில்லை, சுடுதற்கு மருந்தில்லை. அந்நிலையிலும் துரூபிரிட்ஜ் கோட்டையைச் சரணடையுமாறு கேட்டு ஆளனுப்பினார். தளபதி குத்தியெரெஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஹூட் சமாதானக் கொடியுடன் சென்றார். தம் படையினர் ஆயுதங்களோடு கப்பலுக்குத் திரும்ப விடப்பட்டால், ஆங்கிலக் கப்பல்கள் இப்பட்டினத்தையோ ஏனைய கனேரித் தீவுகளையோ தாக்கமாட்டா. மறுக்கப்பட்டால் பட்டினத்துக்குத் தீ வைத்துவிட்டு வாள்முனையிற் போரிட்டு மடிவோம் என்பது அவர் கொண்டு சென்ற செய்தி.

இந்த இடத்திலே தெனெரீபே வரலாற்றின் உயிர்நிலை இருக்கின்றது. குத்தியெரெஸ் மடத்தைத் தாக்கி முந்நூற்று நாற்பது பேரையும் கொன்றிருக்கலாம். சிறைப்பிடித்து அரசனுக்கு அனுப்பியிருக்கலாம். இரவு முழுதும் போரிட்ட பட்டினத்தின் சினமும் அதனையே வேண்டியிருக்கும். அம்முதியவர் வேறு கணக்கொன்றை எண்ணிப் பார்த்தார். பட்டினத்தின் வீடுகள் எரிந்தால் மீட்டுத் தருவார் யார்? வெளியே நிற்கும் பெருங்கப்பல்கள் பழிவாங்கத் தொடங்கினால், பயிற்சியற்ற ஊர்ப்படை எத்தனை நாள் நிற்கும்? தாம் காக்க வேண்டியது பட்டினம்; பட்டினம் காக்கப்பட்டாயிற்று. இனிச் சிந்தும் குருதியால் வருவது யாது? அவர் உடன்பட்டார். 25ஆம் நாள் காலையில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அந்நாள் ஸ்பானியரின் காவற் புனிதராகிய சந்தியாகுவின் திருநாள்.

உடன்படிக்கையில் எழுதப்படாதனவும் நிகழ்ந்தன. கரையிலிருந்த ஆங்கிலேயர் ஒவ்வொருவருக்கும் உரொட்டியும் திராட்சை இரசமும் வழங்கப்பட்டன. காயமுற்றோர் பட்டினத்து வைத்தியசாலையிற் பேணப்பட்டனர். படகுகளை இழந்தோர் திரும்புதற்கு ஸ்பானியர் தம் கலங்களையே கொடுத்துதவினர். கப்பல்களுக்கு வேண்டும் உணவுப் பொருள்களைக் கரையில் வாங்கிக்கொள்ளவும் இசைவளிக்கப்பட்டது. முதல் நாள் இரவு ஒருவரையொருவர் கொன்றவர்கள் மறுநாட் காலையில் ஒரே இறங்குதுறையிற் படகு பிடித்து உதவினர்.

நெல்சன் இந்நன்மையை மறக்கவில்லை. இடக்கையாற் கையெழுத்திட்டு, குத்தியெரெசுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். ஆங்கில மதுவும் பாற்கட்டியும் அன்பளிப்பாக அனுப்பினார். குத்தியெரெஸ் தீவின் புகழ்பெற்ற திராட்சை இரசத்தை எதிர்ப்பரிசாக விடுத்தார். அதனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. ஸ்பானிய அரசனுக்குக் குத்தியெரெஸ் எழுதிய வெற்றி அறிக்கையைத் தாமே கொண்டு சேர்ப்பதாக நெல்சன் கூறினார். தம் தோல்விச் செய்தியைத் தாமே சுமந்து சென்ற தளபதிகள் வரலாற்றில் மிகச் சிலரே.

ஆங்கிலேயர் இழப்பு பெரிது. போரில் இறந்தோர் 44; நீரில் மூழ்கி இறந்தோர் 97; காயமுற்றோர் 105; காணாமற் போனோர் 5. வெற்றி பெற்ற சென் வின்சென்ற் போரில் இத்தனை ஆங்கிலேயர் இறக்கவில்லை. பட்டினத்தாரில் இறந்தோர் சுமார் 24 பேர். செல்வக் கப்பலின் சரக்கில் ஒரு பொதியேனும் ஆங்கிலேயர் கைக்கு வரவில்லை.

தோல்விக்குக் காரணம் யாது என்று ஆராய்வோர் காற்றையும் அலையையும் இருளையும் கூறுவர். அவை யாவும் உண்மையே. ஆயினும் அக்காற்றையும் அலையையும் பற்றி ஏப்பிரில் மாதக் கடிதத்திலே முன்னறிந்து எழுதியவர் நெல்சனே என்பதை நினைத்தல் வேண்டும். தரைப்படை வேண்டும் என்றவரும் அவரே. அறிவு குறைந்தமையால் அவர் தோற்கவில்லை. முந்திய வெற்றிகள் அவ்வறிவின் குரலை அடக்கிவிட்டன. எதிர்பாராமை போனபின்னும் மானம் கருதிச் சென்றமையே அத்தனை உயிர்களின் விலை. மறுபுறத்திலே, இரு முறை ஏமாந்த பட்டினம் தன் குறையை ஒப்புக்கொண்டு, சுவரில் ஒரு புதிய வாயிலைத் திறந்தது. நாட்டுப்பற்று என்பது முழக்கத்தில் மட்டும் இல்லை. குறை கண்ட இடத்தை உரிய நேரத்தில் திருத்துவதிலும், மலை உச்சிக்குத் தண்ணீர் சுமப்பதிலும் அது உளது.

நெல்சன் தம் வாழ்வு முடிந்ததென்றே எண்ணினார். ஒற்றைக் கைத் தளபதியால் நாட்டுக்குப் பயனில்லை என்னும் கருத்துப்பட எழுதினார். ஜேர்விஸ் அவரைக் கடியவில்லை. வெற்றி மனிதர் கட்டளைக்கு அடங்குவதன்று, அதற்குத் தகுதியுடையராதலே மனிதரால் இயல்வது என்னும் கருத்துப்படத் தேற்றினார். காயம் பல மாதம் ஆறாது வருத்தியது. 1798 ஓகஸ்ட் 1ஆம் நாள் நைல் ஆற்று முகத்துவாரத்திலே பிரெஞ்சுக் கடற்படையை அழித்தபோது, தெனெரீபேயில் உடன் தோற்ற தலைவர்கள் பலர் அவரோடு நின்றனர். 1805 ஒக்டோபர் 21ஆம் நாள் திரபல்கார்ப் போரில் அவர் வெற்றியோடு உயிர் நீத்தார். இளமை நண்பர் துரூபிரிட்ஜின் முடிவு நம் கடலோடு தொடர்புடையது. கீழைக் கடற்படைக்குத் தலைவராய் வந்த அவர், 1807 சனவரியிற் சென்னையிலிருந்து 'பிளென்ஹைம்' என்னும் பழங்கப்பலிற் புறப்பட்டார். பெப்ரவரியில் இந்துமாகடலின் புயலில் அக்கப்பல் மறைந்தது. அவர் உடலும் கிடைக்கவில்லை.

குத்தியெரெஸ் 1799ஆம் ஆண்டிலே சாந்தா குரூசில் இறந்து, அப்பட்டினத்துக் கோயிலிலே அடக்கம் செய்யப்பட்டார். தீவுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தோர் சிலரே. ஆனால் அப்பட்டினத்தின் சின்னத்தில் மூன்று சிங்கத் தலைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை பிளேக், ஜெனிங்ஸ், நெல்சன் ஆகிய மூவரும் பெற்ற தோல்விகளின் அடையாளம். 'எல் தீக்ரே', அஃதாவது புலி, என்னும் பெயருடைய பீரங்கி ஒன்றை அவ்வூரார் இன்றும் காட்டுகின்றனர். நெல்சனின் கையைப் பறித்த குண்டு அதிலிருந்தே வந்தது என்பது அவர்கள் மரபுக் கதை. அதனை உறுதிசெய்யும் சான்று இல்லை.

அதே பட்டினத்தில் மற்றோர் அடையாளமும் உண்டு. அங்குள்ள தெரு ஒன்று ஹொரேஷியோ நெல்சனின் பெயரைத் தாங்குகின்றது. தன்னைத் தாக்க வந்து தோற்றவன் பெயரைத் தன் தெருவுக்கே இட்ட பட்டினம், அந்த முதிய தளபதி 1797 யூலை 25ஆம் நாட் காலையிற் கொடுத்த உரொட்டியின் பொருளை நன்குணர்ந்த பட்டினமாகும்.